சோப்பு டப்பாவுக்குள் இருந்த பாட்டு

இந்தக் கதை நடந்த காலத்தில் ஈரோட்டுக்காரர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்: தன்னைத் தவிர ஊரில் வேறு எவருக்கும் பாட்டு வராது. பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுத்தால் தாளம் தப்பும். மச்சினி தொட்டிலாட்டினால் ராகம் இடறும். எதற்கு வம்பு என்று வாய்விட்டுப் பாடுவதையே ஜனங்கள் மெல்ல நிறுத்திவிட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியைச் சட்டம் போட்டு மூட்டை கட்டி வருஷக்கணக்காயிற்று. கல்யாண மண்டபத்து வாசலில் சந்தனத் தட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கூடை நிறையப் பாட்டுக் கேட்கிற காதுக்குமிழ் வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்து மாட்டிக்கொண்டால் அவரவர் காதில் அவரவர் மேளம். தாலி கட்டும் நேரத்தில் வெளியே கேட்பது மின்விசிறிச் சத்தமும் யாராவது தும்முவதும்தான். முதலில் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அப்புறம், பக்கத்தில் இருப்பவரோடு ஊர்வம்பு பேச வசதியாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

கோகிலவாணி மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். வயது நாற்பத்தாறு. கையெழுத்துப் போடுவதற்கு முன் எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற பெண்மணி. கணவரை விட்டுப் பிரிந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவர் குடிகாரர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. பொய் சொல்லுவார், அவ்வளவுதான். அதுவும் ஒன்றுக்கும் ஆகாத சில்லறைப் பொய். சாப்பிட்டுவிட்டு வந்து சாப்பிடவில்லை என்பார். ரயிலில் வந்துவிட்டு பஸ்ஸில் வந்தேன் என்பார். காரணம் கேட்டால் அவருக்கே தெரியாது. ஒருநாள் அவர் "மழை வருது, துணிய எடு" என்றபோது கோகிலா ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாடிக்குப் போனாள். மழை என்னவோ வரத்தான் செய்தது. ஆனால் வீட்டுக்காரர் சொன்னதற்கு வானத்தைச் சாட்சி கேட்க வேண்டியிருக்கிறதே என்று துணியை மடித்துக்கொண்டே நினைத்தாள். அடுத்த மாதம் மகளைத் தூக்கிக்கொண்டு தனி வீடு பார்த்துவிட்டாள்.

அந்த மகள் வெண்பா இப்போது கோவையில் ஒலிப்பொறியியல் படிக்கிறாள்; விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வேலை கிடைத்து எங்கேயாவது போய்விட்டால் அம்மா ஒற்றையாக நிற்பாளே என்று அவளுக்குக் கவலை. அம்மாவைக் கேட்காமலே ஒரு பொருத்தச் செயலியில் பெயரைப் பதிந்து வைத்தாள். அந்தச் செயலிக்கு நட்சத்திரமும் ராசியும் கணக்கில்லை. யார் என்ன பாட்டை எத்தனை தரம் கேட்டார்கள் என்று பார்த்து ஜோடி சேர்க்கும். கோகிலாவுக்கு அது கண்டுபிடித்துக் கொடுத்தவர் பூபதி, கோபிச்செட்டிபாளையத்தில் கால்நடை மருத்துவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை.

"ரெண்டு பேரும் வாழ்க்கையில அதிகமாக் கேட்ட பாட்டு ஒண்ணேதாம்மா. 'பாலத்துக்கு அந்தப் பக்கம்'. தமிழ்நாட்டுல இந்தப் பாட்டைக் கேக்கறதே நீங்க ரெண்டு பேருதான் போல" என்று சிரித்தாள் வெண்பா.

கோகிலாவுக்குக் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்தது. அவள் கல்லூரியில் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை ஓடிப்போன ஒரு படத்தில் வந்த பாட்டு அது. அதை அவள் அன்றிலிருந்து இன்றுவரை விடவில்லை. அதே பாட்டை இன்னொரு மனுஷனும் விடவில்லை என்றால் சும்மாவா?

"வரச் சொல்லு. ஆனா ஒண்ணு. சொத்து வேண்டாம், ஜாதகம் வேண்டாம். சொல்ற சொல்லு நெசமா இருக்கோணும். அதுல சந்தேகம் வந்துச்சுன்னா அன்னைக்கே கும்புடு போட்டுருவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூபதி தன் அக்கா ஈஸ்வரியோடு வந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு கையில் மட்டும் முழங்கை வரை பெரிய ஈரம்.

"வர்ற வழியில ஒரு கன்னுக்குட்டியப் பாத்துட்டு வந்தேனுங். ஆசையா நக்கிருச்சு" என்றார்.

கோகிலாவுக்கு அந்த ஈரத்தைப் பிடித்திருந்தது. காப்பி வந்தது, முறுக்கு வந்தது. ஈஸ்வரி அக்கா படபடவென்று பேசினார்.

"இவன் பொண்டாட்டி போனதுக்கப்புறம் ராத்திரியில தூக்கமே இல்லீங். கண்ணை மூடாம கெடந்துட்டு விடியக்காலையில பைக்க எடுத்துட்டு மாடு பாக்கக் கெளம்பீருவான். வண்டியிலயே தூங்கிருவானோன்னு எனக்கு உசுரே இருக்காது. பாட்டு ஒண்ணுதான் இவனைக் காப்பாத்துச்சு."

அப்புறம் அக்காவுக்குக் குறும்பு வந்துவிட்டது. "ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தா பாடச் சொல்றதுதானே வழக்கம்? பேரு வேற கோகிலான்னு வெச்சிருக்கறீங்க."

"நாப்பத்தாறு வயசுல பாடச் சொன்னா பின்வாசல் வழியா ஓடியே போயிருவேனுங்க" என்றாள் கோகிலா.

எல்லோரும் சிரித்தார்கள். பூபதி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் பாடறேனுங். மாப்பிள்ளை பாடக்கூடாதுன்னு சட்டமா என்ன? நம்ம பாட்டுதானே."

ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு விரலால் தட்டிக்கொண்டே ஆரம்பித்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கேன் உன்னை நானே. அது ஓடியது, குதித்தது, மாரியம்மன் பண்டிகைப் பம்பை மாதிரி அதிர்ந்தது. வெண்பாகூடக் காலால் தாளம் போட்டாள். கோகிலாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"இது எந்தப் பாட்டுங்க?"

"நம்ம பாட்டுதானுங்."

"வரி அதுதான். பாட்டு இது இல்லீங்க."

ஓடிப்போவேன் என்று சொன்னவள், வீம்புக்கு இரண்டு வரி பாடியே காட்டினாள். அவள் பாட்டு மெதுவாக இறங்கும், 'உன்னை நானே' என்ற இடத்தில் ஒரு மூச்சு நின்று அழுதுவிட்டு அப்புறம்தான் நகரும். பூபதி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தானுங் இருக்குது. ஆனா இது தாலாட்டு மாதிரியல்ல இருக்குது? அந்தப் பாட்டு இப்படி இல்லீங்களே."

"நீங்க தெனமும் கேக்கறீங்களா?"

"காலேஜ் படிக்கறப்ப இருந்து. இன்னைக்குக் காலையிலகூடக் கேட்டனுங். நான் பாடினதுதான் பாட்டு. சத்தியமா."

சத்தியம் என்ற சொல்லைக் கேட்டதுமே கோகிலாவுக்குள் ஏதோ மூடிக்கொண்டது. வெண்பாவின் அப்பா வாயைத் திறந்தாலே சத்தியம்தான். செயலியில் நல்ல இடமாகப் பார்த்து, அவர்களுக்குப் பிடித்த பாட்டைச் சத்தமில்லாமல் நாள் முழுக்க ஓடவிட்டுக் கணக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். இவரும் அந்த ரகம்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கையெழுத்துக்கு இரண்டு தரம் பார்க்கிறவள் இதற்கு ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு பாட்டு விஷயத்துல பொய் சொல்ற மனுசன் நாளைக்கு எதுல வேணா சொல்லுவாரு. எனக்கு ஒத்து வராதுங்க" என்றாள் வாசலில் வைத்து, நேருக்கு நேராக.

பூபதியின் காது மடல் சிவந்தது. "நான் பொய் சொல்லலீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். ஈஸ்வரி அக்கா பாவம், கையில் இருந்த முறுக்கை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே கொண்டுபோனார்.

அவர்கள் போனதும் வெண்பா பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க! பாட்டு ஆளாளுக்கு மாறும்மா. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"மாறும்னா? போன்ல 'இசைவு'ன்னு ஒண்ணு வருமே, அதானே? சத்தம் கூடும், கொறையும். அதுக்கென்ன?"

"சத்தம் மட்டுமா? காதுக்குமிழ் உன் நாடிய, மூச்ச எல்லாம் பாத்துட்டே இருக்கும். உனக்கு என்ன வேணுமோ அதுக்குத் தகுந்த மாதிரி வேகம், மெட்டு, பாடறவங்க குரல் எல்லாத்தையும் கொஞ்சங் கொஞ்சமா நகத்தும். ஒரே நாள்ல மாத்தினா நீ கண்டுபுடிச்சிருவ. முடி நரைக்கற மாதிரி மாத்தும்."

"இத யாரும் சொல்லவேயில்லையே!"

"சொன்னாங்க. சம்மதமான்னு கேட்டாங்க. நீ படிக்காம சரின்னு அமுக்கிட்ட. ஊரே அமுக்குச்சு."

கோகிலா சோபாவில் உட்கார்ந்தாள். "அப்போ பக்கத்து வீட்டு ராமசாமி அண்ணனுக்குச் சுருதி சேரலன்னு நான் திட்டுனது?"

"அவருக்கு அவரு பாட்டு. எங்க வயசுப் புள்ளைங்களுக்கெல்லாம் பாட்டுன்னாலே அப்படித்தாம்மா. எல்லாருக்கும் ஒரே பாட்டு ஒரே மாதிரி இருந்துச்சுன்னு நீ சொல்றதுதான் எனக்கு அதிசயமா இருக்கு. ஊருக்கே ஒரே சைஸ் செருப்பு குடுத்த மாதிரி."

"அப்போ முதல்ல பாடி வெச்ச பாட்டு எங்க?"

"எங்கயும் இல்ல. யாரும் கேக்காதத எந்தக் கம்பெனி இடங்குடுத்து வெச்சிருக்கும்?"

கோகிலா சோபாவை விட்டு எழுந்தாள். அப்புறம் முகவாயை நிமிர்த்தினாள். பிடிவாதத்துக்கு அந்த முகவாய் அலுவலகம் முழுக்கப் பெயர்பெற்றது.

"மாறுனது அவரோட பாட்டா இருக்கும். என்னோடது மாறல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இரு, காட்டறேன்."

பரணில் ஏறி ஒரு பழைய தகரப் பெட்டியை இறக்கினாள். அதற்குள் கல்லூரிச் சான்றிதழ்களுக்கு அடியில் ஒரு ரோஸ் நிறச் சோப்பு டப்பா. கோகிலா படித்த பொறியியல் கல்லூரி திருச்செங்கோட்டுப் பக்கம். பெண்கள் விடுதியில் போன் வைத்திருந்தால் அப்பாவை வரவழைத்துவிடுவார்கள். ஆனால் இளசுகளைப் பாட்டில்லாமல் அடைத்துவைக்க எந்த வார்டனால் முடியும்? கட்டைவிரல் நீளத்தில் ஒரு எம்பி3 பிளேயரைப் பாலித்தீன் பையில் சுற்றி, சோப்பு டப்பாவின் அடியில் வைத்து, அதன் மேல் பாதி கரைந்த சோப்பை வைத்து மூடிவிடுவார்கள். வார்டன் அம்மா தலையணையைக் கிழித்துப் பார்ப்பார், ஊறுகாய் ஜாடிக்குள் கரண்டியை விட்டுக் கிண்டுவார். அடுத்தவர் குளித்த சோப்பை மட்டும் தொடமாட்டார். அந்த விடுதியில் அத்தனை பேருக்கும் ஆளுக்கு இரண்டு சோப்பு டப்பா இருந்ததன் ரகசியம் அதுதான்.

வெண்பா பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன, லைட்டரா?"

"பாட்டுப் பெட்டி. ஞாயித்துக்கிழமை வெளிய விடுவாங்க. பிரவுசிங் சென்டருக்குப் போய் இதுல பாட்டு ஏத்திட்டு வருவோம்."

"நெட் எங்க?"

"நெட் கெடையாது."

"அப்போ உன்னை எப்படித் தெரிஞ்சுக்கும்?"

"தெரிஞ்சுக்காது. என்ற பேருகூட அதுக்குத் தெரியாது."

"போன் கையில இருக்கறப்போ இது எதுக்கும்மா?"

"இவ்வளவு நாளா ஒண்ணுக்கும் இல்லதான். இன்னைக்கு இது ஒண்ணுதான் சாட்சி."

அதற்கு ஒரு சின்னப் பேட்டரி செல் வேண்டும். கடைக்குப் போகக்கூடப் பொறுமை இல்லாமல் கோகிலா கூடத்து ஏசி ரிமோட்டைத் திறந்து ஒன்றை உருவினாள். டப்பாவிலேயே சுருண்டு கிடந்த ஒயர் இயர்போனின் பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொத்தானை அமுக்கினாள். செத்துப் பிழைத்தது மாதிரி ஒரு சிவப்பு வெளிச்சம் வந்தது. அட, வேலை செய்கிறதே!

பாட்டு ஓடியது. அது பூபதி பாடியது இல்லை. முதல் வரியிலேயே அது தெரிந்துவிட்டது. கோகிலா வெற்றியோடு மகளைப் பார்த்தாள். இரண்டாவது வரி வந்தது. அவள் மனப்பாடமாக வைத்திருந்த இடம், 'உன்னை நானே' என்று ஒரு மூச்சு நிற்கிற இடம் வந்தது. பாடகர் நிற்கவே இல்லை. பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். கோகிலா திரும்பப் போட்டாள். மறுபடியும் நிற்கவில்லை.

கணவரை விட்டு வந்த வருஷம் அவளுக்குத் தூக்கம் வராது. காதில் இந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு படுப்பாள். அந்த இடத்தில் பாடுகிறவர் தனக்காக நின்று அழுகிறார் என்று நினைத்துக்கொள்வாள். அப்புறம்தான் கண் சொக்கும். அந்த நிறுத்தம் பாட்டிலேயே இல்லை. அவள் மூச்சைப் பார்த்துப் பார்த்துப் போனே சேர்த்துக் கொடுத்தது அது. கோகிலாவுக்கு முதலில் ஏமாந்த ஆத்திரம் வந்தது. அப்புறம் ஆத்திரப்படவும் முடியவில்லை. தூங்க வைத்ததே, அது என்ன குற்றமா? அடுத்தபடியாகத்தான் பூபதியின் ஞாபகம் வந்தது. ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் கிடந்துவிட்டு விடியக்காலையில் ஒற்றையாகப் பைக் ஓட்டுகிற மனுஷனுக்கு அதே பாட்டு பம்பை கொட்டியிருக்கிறது. தூங்காதே, ரோட்டைப் பார் என்று அடித்திருக்கிறது. கோகிலா காதிலிருந்து ஒயரை உருவினாள்.

"என்னம்மா, யாரு சொன்னது சரி?"

"ரெண்டு பேரு சொன்னதும் தப்பு. ஆனா ரெண்டு பேருமே பொய் சொல்லல."

"சரி, விடு. நீ சொன்னாத்தானே அவருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே, கண்ணு. அந்த மனுசன வாசல்ல வெச்சுப் பொய்யன்னு சொல்லிப்போட்டேன்" என்றாள் கோகிலா. பிளேயரைத் திரும்பச் சோப்பு டப்பாவுக்குள் வைத்தாள்.

போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் இந்தப் போன் தன் குரலையும் இழைத்து நெளித்துக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு இப்போது பயம். மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சோப்பு டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கோபி பஸ் ஏறினாள்.

கால்நடை மருத்துவமனையில் பூபதியின் கை ஒரு பசு மாட்டுக்குள் முழங்கைக்கு மேல் போயிருந்தது. கோகிலாவைப் பார்த்ததும் அவர் திடுக்கிட்டார். ஆனால் கையை எடுக்க முடிகிற நேரம் இல்லை.

"வாங். கொஞ்சம் உக்காருங், சினை பாத்துட்டு இருக்கேன்."

வேலையை முடித்து, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டு வந்து நின்றார். உட்காரவில்லை. முகத்தில் நேற்றைய சிவப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க. நீங்க பொய் சொல்லலீங்க" என்றாள் கோகிலா.

"அதான் நேத்தே சொன்னனுங்களே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். வெண்பா சொன்னதையெல்லாம் சொன்னாள். தன் பாட்டும் நிஜப் பாட்டில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். சோப்பு டப்பாவைத் திறந்தாள். பூபதியின் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது.

"அட, எம்பி3 பிளேயரு! பாத்து எவ்வளவு நாளாச்சு!"

ஒயரில் ஆளுக்கு ஒரு காது. ஒயரோ குட்டை. நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர் ஆஸ்பத்திரி சிமெண்ட் பெஞ்சில் தலையோடு தலை முட்டுகிற மாதிரி உட்கார வேண்டியதாயிற்று. மாட்டுக்காரர் நாகரிகமாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு ஓட ஓட கோகிலா ஓரக்கண்ணால் பூபதியையே பார்த்தாள். வெண்பாவின் அப்பாவாக இருந்தால் பாட்டு முடிவதற்குள் 'ஆஹா, பிரமாதம், அந்தக் காலத்துப் பாட்டுன்னா பாட்டுதான்' என்று ஆரம்பித்திருப்பார். இவரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு. மன்னிப்புக் கேட்ட கையோடு அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டியதுதான்.

பாட்டு முடிந்தது. பூபதி இயர்போனை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"உள்ளதச் சொல்லட்டுங்களா?"

"அதுக்குத்தானுங்க வந்தேன்."

"நல்லாவே இல்லீங்க."

கோகிலாவுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு போல. பசு மாடு திரும்பிப் பார்த்தது. பூபதிக்கும் தொற்றிக்கொண்டது.

"பாடறவருக்கு நல்ல மூக்கடைப்புங். மாடா இருந்தா நானே ரெண்டு ஊசி போட்டிருப்பேன்."

"அந்த வயலினு எங்க வருதுன்னு கவனிச்சீங்களா? வழி தெரியாம உள்ள வந்த மாதிரி!"

"இதையா நான் இத்தனை வருஷமா உசுருன்னு வெச்சிருந்தேன்?"

"நானும்தானுங்க!"

இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பூபதி கொஞ்சம் அடங்கிய குரலில் சொன்னார். "என்ற பாட்டு எனக்கு மட்டும்தான் கேட்டுது. உங்க பாட்டு உங்களுக்கு மட்டும்தான். இது நல்லா இல்லதானுங். ஆனா ரெண்டு பேருக்கும் கேக்குது." பிறகு இயர்போனைத் திரும்பக் காதில் மாட்டினார். "இன்னொருக்கா போடுங்."

இரண்டாவது தரம் இருவரும் கூடவே முணுமுணுத்தார்கள். கோகிலா நிற்கக்கூடாத இடத்தில் நின்றாள், பூபதி ஓடக்கூடாத இடத்தில் ஓடினார். மூன்றாவது தரத்தில் கொஞ்சம் தேறியது. மாட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டாக்டரே, என்ற மாடு சினையா இல்லையா? அதையாச்சும் சொல்லுங்" என்றார்.

"சினைதானுங்! நல்ல சேதிதான். இருங், பாட்டு முடியட்டும்."

அந்த நேரம் பார்த்து வெண்பாவின் அழைப்பு வந்தது. ஒரு காதில் பாட்டு, மறுகாதில் மகள்.

"அம்மா, ஏசி ரிமோட்ல ஒரு செல்லக் காணோம். எங்க வெச்ச? இங்க வேர்த்து ஊத்துது."

கோகிலா மடியில் கிடந்த சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தாள். பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்த மனுஷனையும் பார்த்தாள்.

"இப்போ தர முடியாது கண்ணு. கல்யாணம் முடிஞ்சப்புறம் தர்றேன்."

மறுமுனையில் வெண்பா "என்னது, கல்யாணமா!" என்று கத்தினாள். பக்கத்தில் தலையாட்டல் நின்றுவிட்டது. பூபதி அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். காதிலிருந்து ஒயரை மட்டும் எடுக்கவில்லை.

"செல்லு நான் வாங்கித் தர்றேனுங்" என்றார். "கல்யாணம் முடியற வரைக்கும் பொண்ணு எதுக்கு வேர்த்துட்டு இருக்கோணும்?"